துத்தநாகமும் தோற்பிணிகளும்

கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் நாகத்துண்டுகளின்மீது ஐதான அமிலத்தை வார்த்து, எழுந்த ஐதரசன் வாயுவைச் சோதனைக் குழாயிற் சேர்த்து, தீக்குச்சியைக் காட்டி, 'பொப்' என்னும் ஒலி கேட்டு மகிழாத பழைய மாணவர் எவரும் இரார். அதே நாகம் அன்று மாலையே விடுதிச்சாலையில் வேறொரு வேடத்தில் எம்மிடம் வந்தது. முருங்கையிலிருந்த மயிர்க்கொட்டி பட்டுக் கை தடித்தவனுக்கும், கொப்புளிப்பான் கண்டு தனியறையிற் கிடந்தவனுக்கும், சித்திரை வெயிலில் முதுகெங்கும் வேர்க்குரு பூத்தவனுக்கும் பூசப்பட்டது ஒரே மருந்துதான். இளஞ்சிவப்பு நிறமுள்ள அந்தக் கலமைன் நீரைப் பூசிக்கொண்டு நின்றாரைக் கூத்துக்குப் புறப்பட்ட வேடதாரிகள் என்று நாம் நகையாடுவோம். ஆய்வுகூடத்து உலோகமும் அப்போத்தலிலிருந்த மருந்தும் உறவினர் என்பதை அக்காலத்தில் எமக்கு எடுத்துச் சொன்னவர் எவருமில்லை. வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே நானும் அதனை அறிந்தேன். இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்டபொழுது, இவ்வுலோகம் தோலுக்குச் செய்யும் நன்மையையும், அளவு கடந்து உட்கொள்வார்க்கு அதனால் விளையும் தீங்கையும் எழுதுவதே தகும் என எண்ணினேன்.

முதலிற் பெயரைப்பற்றி ஒரு சொல். இலங்கைப் பாடநூல்கள் இவ்வுலோகத்தை நாகம் என வழங்குகின்றன. பொதுவழக்கில் அது துத்தநாகம். தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களிலும் நாகம் என்பது இதுவே. ஆனால் வடமொழி இரசநூல்களில் நாகம் எனப்படுவது ஈயம். துத்தநாகம் அங்கே யசதம் என்று பெயர்பெறும். ஈயம் உடலுக்கு நஞ்சு. ஆதலின் இருமரபு ஏடுகளையும் ஒப்புநோக்குவோர் இவ்வொரு சொல்லில் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். மயில்துத்தம் என்பதோ முற்றிலும் வேறு பொருள். அது செம்பின் சல்பேற்று.

துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுத்தல் எளிதன்று. அதன் தாதுவைக் கரியுடன் சேர்த்து உருக்கும் வெப்பநிலையில் உலோகம் ஆவியாகிப் பறந்துவிடும். ஏனெனில் 907 பாகை செல்சியசிலேயே அது கொதிக்கின்றது. இத்தடையை வென்றவர் இந்தியராவர். இராசத்தானத்துச் சாவர் என்னுமிடத்தில், கத்தரிக்காய் வடிவான மண்கலங்களைத் தலைகீழாக நிறுத்தி, ஆவியைக் கீழ்நோக்கிச் செலுத்திக் குளிரச்செய்து, அவர்கள் பல நூற்றாண்டுகள் பெருந்தொகையாக இவ்வுலோகத்தை வடித்தனர். இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் என்பார் அத்தகைய முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றது 1738இலே. ஆயினும் உலோகத்தைக் காணுமுன்னரே அதன் சேர்வைகள் மருந்தாகிவிட்டன. செம்பும் பித்தளையும் உருக்கும் உலைகளின் சுவரிற் படிந்த வெண்ணிறத் தூளைக் கிரேக்க மருத்துவர் தியோசுக்கோரிடீசு முதலாம் நூற்றாண்டிலேயே விவரித்துள்ளார். இற்றாலியக் கரையோரத்தில் மூழ்கிய பழைய கப்பலொன்றிற் கிடைத்த, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வயதுள்ள மாத்திரைகளை ஆராய்ந்தோர், அவற்றிற் பெரும்பகுதி நாகச் சேர்வைகளே என 2013இல் வெளியிட்டனர். அவை கண்மருந்தாயிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து.

இனித் தோலுக்கு வருவோம். துத்தநாகம் தோலுக்கு இருவழியால் உதவுகின்றது. வெளியே பூசப்படுவது ஒன்று; உள்ளே உண்ணப்படுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதாலேயே பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன.

வெளியே பூசப்படுவதில் முதன்மையானது நாகவொட்சைட்டு. இது நீரிற் பெரும்பாலுங் கரையாத மென்மையான வெள்ளைத்தூள். ஈரத்தை உறிஞ்சும், கசியும் தோலைச் சற்றே சுருங்கச் செய்யும், சிறுநீர், வியர்வை முதலியன தோலைத் தொடாதவாறு திரைபோல் நிற்கும். புண்ணிற் கசியும் நீரிற் சிறிது சிறிதாகக் கரைந்து நாக அயன்களை வெளியிடும். பிரித்தானிய மருந்துநூல் முறைப்படி கலமைன் நீரில் நூற்றுக்கு 15 பங்கு கலமைனும் 5 பங்கு நாகவொட்சைட்டும் உண்டு. கலமைன் என்பது நாகக் காபனேற்றுடன் சிறிதளவு இரும்பொட்சைட்டுச் சேர்ந்தது. இளஞ்சிவப்பு நிறம் அவ்விரும்பினாலே வந்தது, நாகத்தினால் அன்று. தூள் அடியிற் படிந்துவிடுமாதலின் போத்தலைக் குலுக்கியே பூசுதல் வேண்டும். விடுதிச்சாலையில் நாம் பலமுறை தெளிந்த நீரை மட்டும் பூசிக்கொண்டு, மருந்து பலிக்கவில்லை என்று முறையிட்டோம். நீர் ஆவியாகும்போது தோல் குளிர்ந்து தினவு தணியும். அவ்வளவே அதன் வேலை. வறண்டு வெடித்த கரப்பானுக்கு அதைப் பூசினால் வறட்சி மிகும். நீர் வடியும் கரப்பானுக்குப் பூசினால் தூள் அயறோடு சேர்ந்து கட்டியாகி, அதன் கீழே சீழ் தங்கும். இவ்விரு தவறுகளையும் நான் ஆண்டுதோறும் காண்கின்றேன்.

பெர்லினில் வாழ்ந்த தோல்மருத்துவர் ஓசுக்கார் லாசர் (1849 - 1907) அமைத்த பசை இன்றும் அவர் பெயராலே வழங்குகின்றது. நாகவொட்சைட்டு 24 பங்கு, மாப்பொருள் 24 பங்கு, சலிசிலிக்கமிலம் 2 பங்கு, வெள்ளை மென்பரவின் 50 பங்கு: இவ்வளவே அது. பாதிக்குப் பாதி தூளாயிருத்தலின், களிம்பைப்போல் உருகி ஓடாது. தூளின் இடுக்குகளினூடே வியர்வை வெளியேற வழியும் உண்டு. இதனைக் கழுவ முயல்வோர் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்துத் தோலைப் புண்ணாக்குகின்றனர். எண்ணெயில் நனைத்த பஞ்சினால் மெல்லத் துடைத்தால் அது தானே கழன்றுவிடும். அவர் காலத்தவராகிய ஆம்பேர்க் நகரத்து போல் கேர்சன் உன்னா (1850 - 1929), நாகவொட்சைட்டையும் செலற்றினையும் கிளிசரினையும் கலந்து தோய்த்த துணியைக் காலிற் சுற்றும் முறையைக் கண்டார். நாளப் புடைப்பினால் ஆறாத காற்புண் உடையோர்க்கு அக்கட்டு இன்றும் பயன்படுகின்றது. அங்கே நோயைத் தீர்ப்பதிற் பெரும்பங்கு கட்டின் அழுத்தத்திற்கே உரியது. நாகம் அதற்குத் துணை.

குழந்தைகளின் அரைத்துணிப் புண்ணுக்கு உரிய மருந்து எம்மவர்க்கு மகிழ்ச்சி தருவது. பிரித்தானிய மருந்துநூலின் நாக ஆமணக்கெண்ணெய்க் களிம்பில் நூற்றுக்கு 50 பங்கு, எம் பாட்டிமார் போற்றிய ஆமணக்கெண்ணெயே. நாகவொட்சைட்டு ஏழரைப் பங்குதான். வெயிலில் நிற்கும் கிரிக்கெற் வீரர் மூக்கிற் பூசும் வெண்பசையும் நாகவொட்சைட்டே. அது சூரியனின் புறவூதாக் கதிர்களைக் கண்ணாடிபோல் திருப்பி விடுகின்றது என்று பலர் எண்ணுவர். உண்மையில், அக்கதிர்களிற் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்கின்றது.

இனி உள்ளே உண்ணப்படும் நாகத்தின் வரலாறு. இது முன்னதிலும் இளையது. ஆயினும் சுவை மிகுந்தது. பாசுற்றரின் மாணவராகிய யூல்சு இரோலின் 1869இல், கரும்பூஞ்சணம் ஒன்று வளர்வதற்கு நாகம் இன்றியமையாதது எனக் காட்டினார். 1934இல் எலிகளுக்கும் அஃது இன்றியமையாதது என அறியப்பட்டது. 1955இல் அமெரிக்காவின் அலபாமாவில், பன்றிகளின் தோல் தடித்து வெடித்துச் செதிலுதிரும் நோயொன்று தீனியில் நாகம் சேர்த்தவுடன் மறைந்தது. மனிதருக்கு மட்டும் இக்குறை வாராது என்பதே அன்றைய அறிஞர் துணிபு. நாகம் எவ்வுணவிலும் இருக்கின்றதே, யாருக்குத்தான் குறையும் என்றனர்.

அத்துணிபைத் தகர்த்தவர் பீகாரிற் பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர். 1958இல் ஈரானின் சிராசு நகரில் ஒரு நோயாளி அவரிடம் காட்டப்பட்டார். வயது 21, தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. கடுமையான இரத்தசோகை, வீங்கிய ஈரலும் மண்ணீரலும், பருவம் எய்தாத உடல், சொரசொரப்பாய் வறண்ட தோல். அவருடைய உணவு பெரும்பாலும் புளிக்காத மாவிற் சுட்ட கோதுமை ரொட்டி. அதனோடு களிமண்ணும் தின்று வந்தார். இரும்புக் குறை சோகையை விளக்கிற்று. வளர்ச்சி தடைப்பட்டதை விளக்கவில்லை. தானியத் தவிட்டிலுள்ள பைற்றிக்கமிலம் இரும்போடு நாகத்தையும் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கின்றது என அவர் ஐயுற்றார். பின்னர் எகிப்தில் அவரும் துணைவரும் நடத்திய ஆராய்ச்சி 1963இல் வெளிவந்து அவ்வையத்தை உறுதியாக்கிற்று.

தோல்மருத்துவர்க்கு உரிய பாடம் பத்தாண்டு கழித்து இலண்டனிலிருந்து வந்தது. குழந்தைகளைக் கொல்லும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. வாயைச் சுற்றியும் குதத்தைச் சுற்றியும் கைகால் நுனிகளிலும் செந்நிறப் புண் தோன்றும், மயிர் உதிரும், வயிற்றோட்டம் நில்லாது, குழந்தை ஓயாது அழும். இதற்கு 1942இல் தான்போல்ற், குளொசு என்போர் இட்ட பெயர் அக்குரோதேர்மற்றைற்றிசு என்றரோபதிக்கா என்பது. தமிழில் 'நுனித்தோற் குடலழற்சி' எனலாம்போலும். 1950களில் அமீபாக் கழிச்சலுக்குரிய அயடீன் மருந்தொன்று இந்நோயைத் தணிப்பது தற்செயலாகத் தெரியவந்தது. ஏன் தணிக்கின்றது என்று எவர்க்கும் விளங்கவில்லை. அம்மருந்து கண்ணின் நரம்பைக் கெடுக்கவும் வல்லது. இலண்டன் சிறுவர் வைத்தியசாலையில் எட்மன்ட் மொய்னகன், இந்நோயுற்ற ஒரு குழந்தையின் இரத்தத்தில் நாகம் மிகக் குறைந்திருத்தலைக் கண்டு நாகச் சல்பேற்றைக் கொடுத்தார். புண் முற்றாக ஆறிற்று. நாகம் தவறுதலாக விடுபட்டபோது நோய் மீண்டது; மறுபடி கொடுக்க மறைந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் இச்செய்தி வெளிவந்தது. அந்த அயடீன் மருந்தும் குடலில் நாகத்தைப் பற்றி உள்ளே கொண்டுசென்றதாலேயே பயன்பட்டது எனப் பின்னர் உணரப்பட்டது. குடலில் நாகத்தை ஏற்கும் புரதத்தின் பரம்பரை அலகு பழுதுறுதலே நோயின் மூலம் என 2002இல் தெளிவாயிற்று.

இதனை நான் நூலிற் படித்திருந்தேன். பரீட்சையிலும் எழுதித் தேறினேன். அப்படியிருந்தும், போர்க்காலத்தில் வடபகுதி வைத்தியசாலை ஒன்றிற் கடமையாற்றியபோது, ஏழு மாதக் குழந்தை ஒன்று இந்நோயுடனேயே என் முன் வந்து சேர்ந்தும் அறியாதிருந்தேன். வாயோரத்துப் புண்ணையும் தொடையிடுக்குப் புண்ணையும் பங்கசுத் தொற்று எனக் கொண்டு அதற்குரிய களிம்பைக் கொடுத்தேன். அது பலியாதபோது கரப்பான் என்று வேறொன்றைக் கொடுத்தேன். மூன்று கிழமைகள் வீணே கழிந்தன. குழந்தையின் நிறை 6 கிலோகிராமிலே நின்றது; தலையில் மயிர் அருகிற்று. ஒருநாள் குழந்தையின் பேர்த்தியார், "டொக்டர் தம்பி, பால் மறக்கப்பண்ணின நாளிலையிருந்துதான் பிள்ளைக்கு உந்தக் கரப்பான்" என்றார். அன்றுவரை நான் அதனைக் கேட்கவில்லை. அவரும் சொல்ல இடம் பெறவில்லை. தாய்ப்பாலில் உள்ள நாகம் எளிதில் உடலிற் சேரும். பசுப்பாலில் உள்ளது அவ்வாறு சேராது. ஆகவே இந்நோய் பால் மறந்த சில கிழமைகளிலேயே தலைகாட்டும் என்ற பாடநூல் வரி அப்போதுதான் நினைவிற்கு வந்தது. தாயும் தந்தையும் சொந்த மச்சாளும் மச்சானும் என்பதும் கேட்டபின்னரே தெரிந்தது.

இரத்தத்தில் நாகத்தை அளக்கும் வசதி அங்கில்லை. ஆயினும் அற்கலைன் பொசுபற்றேசு என்னும் நொதியத்தை அளக்கலாம். அது நாகமின்றி இயங்காத நொதியம். வளருங் குழந்தைகளில் உயர்ந்திருக்க வேண்டிய அது மிகத் தாழ்ந்திருந்தது. கண்மருந்து கூட்டுதற்கென வைத்திருந்த தூய நாகச் சல்பேற்று மருந்தாளரிடம் இருந்தது. நாளொன்றுக்கு நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 3 மில்லிகிராம் நாகம், அதாவது 18 மில்லிகிராம் வேண்டும். இங்கே கல்லூரியிற் கற்ற கணக்கு கைகொடுத்தது. நாகத்தின் அணுநிறை 65.4, ஏழு நீர்மூலக்கூறுகளோடு கூடிய சல்பேற்றின் மூலக்கூற்றுநிறை 287.5. எனவே 4.4 மில்லிகிராம் உப்பில் 1 மில்லிகிராம் நாகம். 18க்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம் உப்பு. மருந்தாளர் அதனைப் பாகிற் கரைத்துத் தந்தார். இரண்டாம் நாள் இரவு குழந்தை அழாது உறங்கிற்று என்று தாதி கூறினார். நான்காம் நாள் வயிற்றோட்டம் நின்றது. இரு கிழமைக்குள் தோல் தெளிந்தது. இந்நோயுடையார் வாழ்நாள் முழுதும் நாகம் உண்ணல் வேண்டும். அக்குடும்பத்திற் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு இந்நோய் வரக்கூடும். இரண்டையும் பெற்றோருக்கு விளக்கினேன். நான் வீணாக்கிய மூன்று கிழமைகளைப்பற்றியும் சொன்னேன். பேர்த்தியார் அதற்கு மறுமொழி கூறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. சில தாய்மாரின் பாலிலேயே நாகம் குறைந்திருக்கும். அவர்தம் குழந்தைக்குப் பால் குடிக்கும் காலத்திலேயே இப்புண் தோன்றி, நாகம் கொடுக்க ஆறி, பால் மறந்தபின் வாராது ஒழியும். அக்குழந்தைக்கு வாழ்நாள் மருந்து வேண்டியதில்லை. பால் மறக்குமுன்னா பின்னா என்ற ஒரு வினாவே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

நாகக் குறை ஏன் தோலிற் காணப்படுகின்றது? உடலிலுள்ள நாகம் ஏறத்தாழ 2 கிராம். அதில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு தோலில் உள்ளது. இரும்பை ஈரல் சேமித்து வைத்தல்போல் நாகத்தைச் சேமிக்கும் களஞ்சியம் உடலில் இல்லை. நாடோறும் உண்பது நின்றால் விரைவில் வறுமை. தோலும் குடலின் உட்சவ்வும் ஓயாது புதிய கலங்களை ஆக்குவன. கலம் பிரிதற்கு வேண்டிய நொதியங்கள் பல நாகத்தைத் தாங்கியவை. ஆதலின் வறுமை அவ்விடங்களில் முதலில் தெரியும். 1975இல் நியூசிலாந்தில், நாளத்தின் வழியே மட்டும் உணவூட்டப்பட்டோர்க்கு இதே புண் தோன்றியமை இவ்வுண்மையை மெய்ப்பித்தது. அவ்வுணவு நீரில் நாகம் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

இத்தனை அற்புதமான மருந்தை மற்றைத் தோற்பிணிகளுக்குங் கொடுத்தால் என்ன என்று கேட்பது இயல்பே. கேட்டனர், கொடுத்தும் பார்த்தனர். முகப்பருவுக்குச் சுவீடனில் 1977இல் நற்பயன் கூறப்பட்டது. பிரான்சில் 2001இல் முந்நூற்றுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது நாகம் ஓரளவு பயன்பட்டது. மினோசைக்கிளின் அதனினும் தெளிவாகச் சிறந்தது. பாலுண்ணியல்லாத சாதாரண மருக்களுக்கு 2002இல் ஈராக்கிலிருந்து வந்த செய்தி ஊக்கமளித்தது. பின்னர் செய்யப்பட்ட சோதனைகள் யாவும் அதனோடு ஒத்துவரவில்லை. அறுவைப் புண்கள் நாகத்தால் விரைந்தாறும் என 1967இல் அமெரிக்காவிற் கூறப்பட்டது. காற்புண் உடையோர் பலரில் நாகத்தை உண்பித்துப் பார்த்ததில் அப்பயன் பொதுவாகக் கிட்டவில்லை. குறையுள்ளவர்க்கு அமுதம், குறையில்லாதவர்க்குப் பெரும்பாலும் செலவு. இஃது என் கருத்து. மாறுபடும் நண்பர்களும் உளர்.

செலவோடு நின்றால் கவலையில்லை. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு வேண்டிய நாகம் ஆணுக்கு 11, பெண்ணுக்கு 8 மில்லிகிராம் என்பது அமெரிக்க அளவுகோல். 40ஐக் கடத்தல் ஆகாது. 220 மில்லிகிராம் சல்பேற்று மாத்திரை ஒன்றிலேயே 50 மில்லிகிராம் நாகம் உண்டு. முகப்பரு, முடியுதிர்வு என்று தாமாகவே மும்மூன்றாய் விழுங்குவோரை நான் அறிவேன். முதலில் குமட்டல் வரும், அது காப்பு. அதனையும் பொறுத்து மாதக்கணக்காய் உண்டால், நாகம் குடற்சுவரில் ஒரு புரதத்தைப் பெருகச்செய்யும். அப்புரதம் செம்பைப் பற்றிக்கொண்டு, குடற்கலங்கள் உதிரும்போது அதனோடு வெளியேறும். செம்பு குறையவே சோகையும் வெண்குருதிக்கலக் குறைவும் உண்டாகும். பின்னர்க் காலில் விறைப்பும் நடையில் தள்ளாட்டமும் வரும். நாகஞ் சேர்ந்த பற்கட்டுப் பசையை அளவின்றிப் பயன்படுத்தியோர்க்கு இவ்வாறு நேர்ந்தமை 2008இல் வெளிவந்தது. இரத்தக் குறை செம்பினால் சீராயினும் நரம்பின் குறை முழுதும் சீராவதில்லை. செம்பு உடலில் மிகுந்து ஈரலைக் கெடுக்கும் வில்சன் நோய்க்கு மருத்துவர் நாகத்தை மருந்தாகக் கொடுப்பதும் இதே வினையைக் கருதியே.

குறை வாராமற் காக்க மாத்திரை வேண்டியதில்லை. இறைச்சி, நண்டு, மட்டி முதலியவற்றில் நாகம் உண்டு. கடலுணவில் ஆளி எனப்படும் சிப்பி தலைசிறந்தது. மரக்கறி உண்போர் பயறு, கடலை, எள்ளு முதலியவற்றிலிருந்து பெறல் வேண்டும். அங்கேதான் பைற்றிக்கமிலம் குறுக்கே நிற்கின்றது. ஊறவைத்தலும் முளைக்கவைத்தலும் புளிக்கவைத்தலும் அவ்வமிலத்தை உடைக்கும். சிராசு நகரத்து இளைஞனின் புளிக்காத ரொட்டியோடு, இரவெல்லாம் புளித்த எம் தோசை மாவை ஒப்பிட்டுப் பார்க்க. வயிற்றோட்டங் கண்ட குழந்தைக்கு மட்டும் உணவு போதாது. அதற்கு உப்புநீர்க் கரைசலோடு நாகத்தையும் பத்து முதல் பதினான்கு நாள்வரை, ஆறு மாதத்திற்குட்பட்டதாயின் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும் மேற்பட்டதாயின் 20 மில்லிகிராமும் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெபும் 2004இல் அறிவுறுத்தின. மாத்திரையைச் சிறுகரண்டி நீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துப் புகட்டலாம். ஓட்டம் நின்றுவிட்டதென்று நாலாம் நாளே நிறுத்திவிடுதல் கூடாது.